சிங்கப்பூரில் பையனுக்கு என்எஸ்: பிஆர் படிவம் முதல் சேம நிதி வரை முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரில் ஆண் பிள்ளை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களில் என்எஸ், அதாவது கட்டாய தேசிய சேவை பற்றிய பேச்சு வந்தால் மூன்று கேள்விகள் கட்டாயம் எழும். எப்போது கூப்பிடுவார்கள்? எவ்வளவு சம்பளம்? முடித்தால் பென்ஷன் உண்டா? மூன்றாவது கேள்வியை அதிகம் கேட்பவர்கள் ஊரிலிருந்து வந்த பெற்றோர்தான். அங்கே பட்டாளத்தில் 15 வருடம் போட்டுவிட்டு வந்த மாமாவோ சித்தப்பாவோ பென்ஷன் வாங்குவதைப் பார்த்து வளர்ந்தவர்கள், ராணுவம் என்றாலே ஓய்வூதியம் என்று நினைப்பது இயல்புதான். இங்கே கதை வேறு. என்எஸ் என்பது வேலையே அல்ல, சட்டப்படியான கடமை. கையில் வருவது சம்பளம் அல்ல, படித்தொகை. பென்ஷன் கிடையாது. முழுநேர ராணுவ வேலையில் சேர்ந்தவர்களுக்குக்கூடப் பழைய மாதிரி பென்ஷன் இன்று இல்லை. இதை முதலிலேயே தெரிந்துகொண்டால் குடும்பக் கணக்கு சரியாக வரும், பையனோடு நடக்கும் பேச்சும் சரியாக இருக்கும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல குடும்பங்கள் என்எஸ் முடிவைப் பையனுக்கு 18 வயதாகும்போது எடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கின்றன. உண்மையில் அந்த முடிவு அவன் பெயரில் நிரந்தரவாசத்துக்கு, அதாவது பிஆருக்கு, விண்ணப்பம் போடும் அன்றே எடுக்கப்பட்டுவிடுகிறது. அதனால் இந்த வழிகாட்டியை அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஏன் கட்டாயம் என்று ஒரு நிமிடம்

1965இல் சிங்கப்பூர் தனி நாடானபோது கையில் இருந்தது இரண்டே இரண்டு காலாட்படைப் பட்டாளங்கள், சுமார் ஆயிரம் பேர். மக்கள்தொகையோ மிகச் சிறியது, சம்பளம் கொடுத்துப் பெரிய நிரந்தரப் படை வைக்க வழியில்லை. அப்போதைய தற்காப்பு அமைச்சர் கோ கெங் சுவீ கட்டாயச் சேவைச் சட்டத்தைக் கொண்டுவந்தார், 1967 மார்ச்சில் அது நாடாளுமன்றத்தில் நிறைவேறியது, அந்த ஆகஸ்டிலேயே முதல் அணி உள்ளே போனது. அதற்கு முன் 1954இல் காலனி அரசு இதே மாதிரி ஒரு சட்டம் போட்டபோது சீனப் பள்ளி மாணவர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். சொந்த நாட்டுக்காக என்று ஆனபிறகுதான் மக்கள் இதை ஏற்றுக்கொண்டார்கள். இன்றுவரை ராணுவம், போலிஸ், குடிமைத் தற்காப்புப் படை மூன்றும் ஓடுவது இந்தப் பையன்களை வைத்துத்தான். தொழில்முறை வீரர்கள் அதில் ஒரு பங்கு மட்டுமே.

படி 1: உங்கள் பையனுக்கு என்எஸ் உண்டா?

குடியுரிமை உள்ள ஆண்கள் எல்லோருக்கும் உண்டு. அதில் குழப்பமில்லை.

பிஆர் விஷயத்தில்தான் தெளிவு வேண்டும். வேலை அடிப்படையில் முதன்மை விண்ணப்பதாரராக பிஆர் வாங்கிய அப்பாவுக்கு என்எஸ் கிடையாது. ஆனால் அவருடைய ஆதரவில் பிஆர் வாங்கும் மகனுக்கு உண்டு. இரண்டாம் தலைமுறை பிஆர் என்று சொல்வது இவர்களைத்தான். மாணவராக வந்து தன் பெயரிலேயே பிஆர் வாங்கிய பையனுக்கும் உண்டு. பையன் சார்ந்திருப்போர் அட்டையில், அதாவது டிபென்டன்ட் பாஸில் இருந்தால் கடமை இல்லை. ஆனால் அந்த அட்டை 21 வயது வரைதான், பள்ளிக் கட்டணமும் பல மடங்கு கூடும்.

இங்கேதான் பெற்றோர் உட்கார்ந்து நேர்மையாகப் பேச வேண்டும். கட்டணம் குறைகிறதே, உயர்நிலைப்பள்ளி வரை பிஆராக இருக்கட்டும், 17 வயதில் பிஆரைத் துறந்துவிடலாம் என்று ஒரு யோசனை வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதைச் சொல்கிறவர் பின்விளைவைச் சொல்வதில்லை. என்எஸ் செய்யாமல் பிஆரைத் துறந்தால், பின்னாளில் அவன் சிங்கப்பூரில் படிக்கவோ வேலை செய்யவோ விண்ணப்பிக்கும்போது அது அவனுக்கு எதிராக நிற்கும். பெற்றோர் பிஆராக வெளிநாடு போய்த் திரும்பி வரத் தேவையான மறுநுழைவு அனுமதியைப் புதுப்பிக்கும்போதும் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்று அரசு வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. 25 வயதில் நல்ல வேலை கிடைத்து இங்கே வர நினைக்கும் பையனுக்கு, அவனுக்கு எட்டு வயதிருக்கும்போது அப்பா போட்ட கணக்கு கதவை மூடிவிடும். பள்ளிக் கட்டணத்தில் மிச்சம் பிடிப்பதற்காக இதைச் செய்யாதீர்கள் என்பதே என் கருத்து. என்எஸ் வேண்டாம் என்று குடும்பம் உறுதியாக இருந்தால் பையனுக்கு பிஆர் போடாமல் இருப்பதுதான் நேரான வழி, அதில் தவறே இல்லை. போடுகிறீர்கள் என்றால் அவன் சேவை செய்வான் என்ற முடிவோடு போடுங்கள், அவனுக்கு விவரம் தெரியும் வயதிலிருந்தே அதைச் சொல்லி வளருங்கள்.

குடியுரிமை உள்ள பையனுக்குத் துறக்கும் வழி இன்னும் குறுகலானது. மிகச் சின்ன வயதிலேயே நாட்டை விட்டுப் போய், இங்குள்ள சலுகைகளை அனுபவிக்காதவர்களுக்கு மட்டும்தான் சேவை செய்யாமல் துறக்கும் அனுமதி பரிசீலிக்கப்படும். மற்றவர்கள் முதலில் சேவை முடிக்க வேண்டும்.

படி 2: 13 வயதிலேயே தொடங்கும் வெளியேறும் அனுமதி

இது பலருக்குத் தெரியாது. பையனுக்கு 13 வயதானதும் மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் தங்குவதாக இருந்தால் எக்ஸிட் பெர்மிட் என்கிற வெளியேறும் அனுமதி வாங்க வேண்டும். பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போய்வருவதற்கு இது தேவையில்லை. ஆனால் அப்பாவுக்குச் சென்னைக்கு மாற்றல் ஆகிக் குடும்பமே போகிறது, அல்லது தாத்தா பாட்டியோடு விட்டுப் பதினொன்று பன்னிரண்டு அங்கே படிக்க வைக்கலாம் என்று யோசிக்கிறீர்கள் என்றால் கட்டாயம் தேவை.

நீண்ட காலத்துக்குப் போனால் பிணைத்தொகையும் கேட்பார்கள். 75,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அல்லது பெற்றோர் இருவரின் முந்தைய ஆண்டு மொத்த வருமானத்தில் பாதி, இரண்டில் எது அதிகமோ அது. வங்கி உத்தரவாதமாகவும் கொடுக்கலாம். பையன் திரும்பி வந்து சேராவிட்டால் அந்தப் பணம் போய்விடும், வழக்கும் வரும். தேசிய சேவைச் சட்டத்தின்படி தண்டனை 10,000 வெள்ளி வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே. பல வருடம் கழித்துத் திரும்பி வந்தவர்களை நீதிமன்றம் உண்மையிலேயே சிறைக்கு அனுப்பியிருக்கிறது. எத்தனை வருடம் தட்டிக்கழித்தாரோ அதற்கேற்பத் தண்டனை ஏறும் என்று 2017இல் உயர் நீதிமன்றம் வரையறையும் போட்டுவிட்டது.

பொறியியல், மருத்துவம் என்று பட்டப்படிப்புக்கு இந்தியா போகிறேன், முடித்துவிட்டு வந்து சேவை செய்கிறேன் என்றால் பொதுவாக ஏற்க மாட்டார்கள். ஒத்திவைப்பு ஏ நிலை (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பு), பலதுறைத் தொழிற்கல்லூரிப் பட்டயம், தொழில்நுட்பக் கல்விக் கழகப் படிப்பு, இவற்றுக்கு நிகரான படிப்புகள் வரைக்கும்தான். அதற்கும் வயது வரம்பு உண்டு. பட்டப்படிப்பு என்எஸ்ஸுக்குப் பிறகுதான். ஊரில் கல்லூரிச் சீட் வாங்கிப் பணமும் கட்டிவிட்டு அப்புறம் அனுமதி கேட்டு அலையாதீர்கள். முதலில் அனுமதி, பிறகுதான் சீட்டு.

படி 3: பதினாறரை வயது, பதிவும் மருத்துவப் பரிசோதனையும்

பதினாறரை வயதில் பதிவுக்கான அறிவிப்பு வரும். சிங்பாஸ் என்கிற அரசு இணைய அடையாளக் கணக்கு வழியாக என்எஸ் இணையவாசலில் பதிவு செய்ய வேண்டும். பையனுடைய சிங்பாஸ் வேலை செய்கிறதா என்று அதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். பதிவு செய்யும்போது மருத்துவ வரலாறு பற்றிய நீளமான கேள்விப் படிவம் ஒன்று நிரப்ப வேண்டியிருக்கும். அதைப் பையன் தனியாக நிரப்ப விடாதீர்கள். மூன்று வயதில் மூச்சிழுப்பு வந்தது, வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது, ஒருமுறை வலிப்பு வந்தது, இதெல்லாம் அவனுக்கு நினைவிருக்காது, அம்மாவுக்குத்தான் தெரியும்.

அப்புறம் மருத்துவப் பரிசோதனை. சிஎம்பிபி என்று எல்லோரும் சொல்லும் மனிதவளத் தளத்துக்கு ஒருநாள் போக வேண்டும். ரத்தம், சிறுநீர், இதய வரைபடம், மார்பு எக்ஸ்ரே, கண், காது, பல் எல்லாம் பார்ப்பார்கள், கணினியில் ஒரு திறன் தேர்வும் இருக்கும். ஊரில் எடுத்த மருத்துவச் சான்றுகள் இருந்தால் ஆங்கிலத்தில், மருத்துவரின் கையெழுத்தோடு, நோயின் பெயரும் மருந்தும் தெளிவாக இருக்கும்படி கொண்டுபோங்கள். "உடம்பு சரியில்லாமல் இருந்தார்" என்று மட்டும் எழுதிய சான்றால் எந்தப் பயனும் இல்லை.

எல்லாம் பார்த்து பெஸ் என்கிற உடல்தகுதி நிலை தருவார்கள். ஏ, பி1 என்றால் சண்டைப் பிரிவுகளுக்கு முழுத் தகுதி. பி2, பி4, சி2, சி9, இ9 என்று கீழே போகப் போகச் செய்யக்கூடிய வேலைகள் மாறும். எஃப் என்றால் சேவைக்குத் தகுதியில்லை. சி நிலை கிடைத்த பையனைப் பார்த்துச் சில உறவினர்கள் ஏதோ குறை மாதிரி பேசுவார்கள். அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். ஆயுதக் கிடங்கு, போக்குவரத்து, அலுவலகம், சமையல்கூடம், கணினிப் பாதுகாப்பு என்று படை நிற்பதற்கு இவர்கள் செய்யும் வேலை எல்லாம் வேண்டும்.

ஆஸ்துமா, மயக்கம், மனச்சோர்வு எதையும் மறைக்க வேண்டாம், இதைக் கெஞ்சியே கேட்கிறேன். சண்டைப் பிரிவு கிடைக்க வேண்டும் என்ற ஆசையில் பையன்களே மறைப்பதுண்டு. குடும்ப மானம் என்று பெற்றோர் மறைப்பதும் உண்டு, அதிலும் மனநலம் என்றால் நம் வீடுகளில் வாயே திறக்க மாட்டார்கள். பயிற்சி நடக்கும் தெக்கோங் தீவின் வெயிலில் முழுச் சுமையோடு நடக்கும்போது மறைத்தது வெளியே வந்தால் அது உயிர்ப் பிரச்சினை.

படி 4: உள்ளே போவதற்கு முன் உடம்பைத் தயார் செய்வது

இதில் நேரடி லாபம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முழுநேரச் சேவை இரண்டு ஆண்டு. 2004 வரை கார்ப்பரலும் அதற்கு மேல் பதவியில் இருந்தவர்களும் இரண்டரை ஆண்டு செய்தார்கள், பிறகு எல்லோருக்கும் இரண்டாக்கினார்கள். உடல்தகுதி உள்ள பையன் சேருவதற்கு முன்பே உடற்தகுதித் தேர்வில் வேண்டிய புள்ளியை எடுத்துவிட்டால் அதில் இரண்டு மாதம் குறையும். அதாவது 22 மாதத்தில் வெளியே வரலாம். ஐபிபிடி எனப்படும் இந்தத் தேர்வில் மூன்றே பகுதிகள்: ஒரு நிமிடத்தில் தண்டால், ஒரு நிமிடத்தில் படுத்து எழுதல், 2.4 கிலோமீட்டர் ஓட்டம். மொத்தம் 100 புள்ளி, ஓட்டத்துக்கு மட்டும் 50. முன்கூட்டியே 61 புள்ளி எடுத்தால் போதும்.

இன்னொரு லாபமும் உண்டு. தேறியவர்களுக்கு அடிப்படை ராணுவப் பயிற்சி 9 வாரம்தான். தேறாதவர்களுக்கு முன்னால் உடற்பயிற்சிக் கட்டம் சேர்ந்து 17 வாரம் ஆகும், எடை மிக அதிகமாக இருந்தால் 19 வாரம். ஏ நிலைத் தேர்வு முடிந்தபின் பையன் மூன்று மாதம் கணினி விளையாட்டில் உட்கார்ந்துவிடுகிறான் என்பது பல வீடுகளில் உள்ள புலம்பல். வாரத்துக்கு மூன்று நாள் ஓடவிட்டால்கூட 61 எட்டக்கூடிய புள்ளிதான். நிதானமாகத் தொடங்கி மெல்ல மெல்லத் தூரத்தைக் கூட்டட்டும், கடைசி இரண்டு வாரத்தில் வெறியோடு ஓடினால் முட்டிதான் போகும்.

சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்று நினைக்கும் பையன்களுக்குப் பெற்றோர் சம்மதத்தோடு பதினாறரை வயதிலிருந்தே சேரும் திட்டமும் உண்டு. படிப்பு ஒத்துவராமல் திணறும் பையனுக்கு இது நல்ல வழியாக அமையலாம். நன்றாகப் படித்துக்கொண்டிருப்பவனை அவசரப்படுத்த வேண்டியதில்லை.

பல்கலைக்கழக இடம் பற்றிக் கவலைப்பட வேண்டாம். சேருவதற்கு முன்பே முடிவுகளை வைத்து விண்ணப்பித்தால் உள்ளூர்ப் பல்கலைக்கழகங்கள் இடத்தைச் சேவை முடியும்வரை வைத்திருக்கும்.

படி 5: புலாவ் தெக்கோங்

ராணுவத்துக்குத் தேர்வானவர்களில் பெரும்பாலோர் தெக்கோங் தீவில்தான் தொடங்குவார்கள். சாங்கியில் உள்ள படகுத்துறையிலிருந்து பெற்றோரும் கூடவே போகலாம். தங்கும் அறையைக் காட்டுவார்கள், அவர்கள் சாப்பிடும் உணவையே உங்களுக்கும் கொடுப்பார்கள், பையன்கள் உறுதிமொழி எடுப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். விடுப்பு எடுத்தாவது போங்கள். சாப்பாடு பற்றி நம் அம்மாக்களுக்கு உள்ள பயம் அங்கே பாதி தீர்ந்துவிடும், ஏனென்றால் சைவ உணவு தனியாக உண்டு, முஸ்லிம் உணவும் தனியாக உண்டு. பதிவின்போதே சைவம் என்று குறிப்பிட வேண்டும்.

முதல் இரண்டு வாரம் வீட்டுக்கு விட மாட்டார்கள். அதன்பிறகு பொதுவாக வார இறுதியில் புக் அவுட் (வீட்டுக்கு வருவது), ஞாயிறு இரவு புக் இன் (முகாமுக்குத் திரும்புவது). எஸ்ஏஆர் 21 துப்பாக்கி, கைக்குண்டு எறிதல், காட்டில் தங்கும் முகாம், கடைசியில் 24 கிலோமீட்டர் நடை. பயிற்சி முடிவில் சிலர் அதிகாரிப் பயிற்சிக்கு ஜூரோங் பக்கம் உள்ள சாஃப்டி கழகத்துக்கும், சிலர் சார்ஜன்ட் பயிற்சிக்கும், மற்றவர்கள் படைப்பிரிவுகளுக்கும் போவார்கள். விருப்பம் தெரிவிக்கலாம், ஆனால் முடிவு அவர்களுடையது. ராணுவமா போலிஸா குடிமைத் தற்காப்பா என்பதும் அப்படித்தான்.

வலி, தலைசுற்றல், காய்ச்சல் என்றால் உடனே சொல்லும்படி பையனிடம் அழுத்திச் சொல்லுங்கள். பயிற்சியில் உயிரிழப்புகள் நடந்தபின் 2019இல் பாதுகாப்பைத் தனியாகக் கண்காணிக்க ஒரு தலைமை ஆய்வாளர் அலுவலகமே அமைத்தார்கள். பாதுகாப்பு இல்லை என்று தோன்றினால் எந்த வீரரும் குரல் கொடுக்கலாம், இது அவர்களுக்குச் சொல்லித்தரப்படும் விதி. "ஆம்பளைன்னா தாங்கிக்கணும்" என்று வீட்டில் யாராவது சொல்லி அனுப்பினால் அந்த விதி பயனில்லாமல் போய்விடும்.

படி 6: பணம்

மாதப் படித்தொகை 10ஆம் தேதி வங்கிக் கணக்கில் விழும். 2023 ஜூலையில் 125 முதல் 200 வெள்ளி வரை கூட்டினார்கள், 2025 ஜூலையில் மறுபடி 35 முதல் 75 வெள்ளி வரை. புதிதாகச் சேர்ந்த ரெக்ரூட்டுக்கு இந்த உயர்வுக்குப் பின் 790 வெள்ளி. பதவி உயர உயரக் கூடும், சண்டைப் பிரிவு, முக்குளிப்பாளர், கமாண்டோ மாதிரி வேலைகளுக்குப் பிரிவுப் படி தனியாகச் சேரும். செகண்ட் லெப்டினன்ட் ஆகிவிட்டால் ஆயிரத்தைத் தாண்டிவிடும்.

இந்தத் தொகைக்கு ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேம நிதியில் சந்தா கிடையாது. இதைத்தான் குடும்பங்கள் கவனிப்பதில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 3,000 வெள்ளிச் சம்பளத்தில் வேலைக்குப் போகும் இளைஞருக்கு, தன் பங்கு 20 சதவீதம், முதலாளி பங்கு 17 சதவீதம், ஆக மாதம் 1,110 வெள்ளி சேம நிதியில் சேரும். இரண்டு வருடத்தில் 26,640 வெள்ளி. வேலைக்குப் போவது இரண்டு வருடம் தள்ளிப்போகிறது என்றால் இந்தத் தொகையும் அதன் வட்டியும் தள்ளிப்போகிறது என்றுதான் பொருள். இதைச் சொல்வது சேவையைக் குறைத்துப் பேச அல்ல. பையன் கொடுப்பது எவ்வளவு என்று வீட்டில் உள்ளவர்களுக்காவது தெரிய வேண்டும், ஓய்வுக்காலத் திட்டம் அதை வைத்துத்தான் போட வேண்டும்.

அரசு இதற்கு ஈடாகத் தருவது ஹோம் விருது. முழுநேரச் சேவை முடிந்ததும் ஒருமுறை, பின்னால் வரும் ஆண்டுப் பயிற்சிகளின் (படி 8) நடுவில் ஒருமுறை, அவையும் முடிந்ததும் ஒருமுறை என மூன்று கட்டமாக வரும். வீடு, மருத்துவம், கல்வி என்ற நோக்கத்தில் வருவதால் முழுவதும் ரொக்கமாகக் கையில் வராது, ஒரு பங்கு சேம நிதியில் மருத்துவச் செலவுக்கான மெடிசேவ் கணக்குக்குப் போகும். குடிமக்களுக்கு அதிகம், பிஆருக்குக் குறைவு. 2024 வரவுசெலவுத் திட்டத்தில் சேவை செய்த, செய்துகொண்டிருக்கும் எல்லோருக்கும் கடைகளில் செலவழிக்கக்கூடிய 200 வெள்ளி லைஃப்எஸ்ஜி புள்ளிகள் கொடுத்தது போன்ற சின்னச் சின்னத் தொகைகள் அவ்வப்போது வரும்.

பணம் சேர்ப்பது பற்றி: உணவு, தங்குமிடம், சீருடை, மருத்துவம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. அதனால் வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய நிலை இல்லாத பையன் மாதம் 400 வெள்ளி ஒதுக்கினால் 22 மாதத்தில் 8,800 வெள்ளி. பல்கலைக்கழக முதலாண்டுச் செலவுக்கு அது எவ்வளவு பெரிய துணை என்று பெற்றோருக்குத் தெரியும். முதல் படித்தொகை வரும் முன்பே தானாகச் சேமிப்புக்குப் போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்துவிடுங்கள், முதல் புக் அவுட்டுக்குப் பிறகு சொன்னால் காதில் ஏறாது.

அவன் வருமானத்தை நம்பியிருக்கும் குடும்பமா? வெட்கப்படாமல் படைப்பிரிவு அதிகாரியிடம் சொல்லச் சொல்லுங்கள். நிதியுதவி உண்டு. அனுமதி இல்லாமல் வெளியே பகுதிநேர வேலை செய்வது குற்றம், இரவில் ஓட்டுநர் வேலை பார்த்து மாட்டிக்கொண்டால் தடுப்புக்காவல் வரை போகும்.

பெற்றோருக்கும் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது, நிறையப் பேர் கவனிக்காமல் விடுகிறார்கள். முழுநேரச் சேவையை முடித்தவனின் அப்பா அம்மா சிங்கப்பூர்க் குடிமக்களாக இருந்தால் ஆளுக்கு 750 வெள்ளி வருமான வரிக் கழிவு உண்டு. எத்தனை மகன்கள் இருந்தாலும் அதே 750தான்.

படி 7: வேலையாகவே எடுத்துக்கொண்டால் பென்ஷன் உண்டா?

சில பையன்களுக்கு ராணுவம் பிடித்துவிடும். சைன் ஆன் செய்யட்டுமா, அதாவது ராணுவத்தையே வேலையாக எடுத்துக்கொண்டு ஒப்பந்தம் போடட்டுமா என்று கேட்பான். உடனே வேண்டாம் என்றும் சொல்லாதீர்கள், அரசு வேலை பாதுகாப்பு என்று தள்ளியும் விடாதீர்கள்.

பழைய தலைமுறை ராணுவ அதிகாரிகளுக்கு மாதப் பென்ஷன் இருந்தது. 1998இல் அதிகாரிகளுக்கு சேவர் என்ற திட்டமும், 2000இல் வாரண்ட் அதிகாரிகளுக்கும் சார்ஜன்ட் நிலையினருக்கும் பிரீமியம் என்ற திட்டமும் வந்தன. பிறகு சேர்ந்தவர்களுக்குப் பென்ஷன் இடத்தில் இவைதான். சாதாரணச் சேம நிதி எல்லோரையும் போலச் சேரும். அதற்கு மேல் அரசு ஒவ்வொரு மாதமும் தனிக் கணக்கில் பணம் போட்டுக்கொண்டே வரும். சேவை ஆண்டுகள் கூடக்கூட அதில் உங்களுக்கு உரிமையான பங்கு கூடும். முன்பே விலகினால் முழுத்தொகை கிடைக்காது. ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி தொடக்கச் சம்பளம் அல்ல. எத்தனையாவது வருடத்தில் எவ்வளவு சதவீதம் என் பெயருக்கு வரும், பயிற்சிக்கோ படிப்புக்கோ அவர்கள் செலவழித்தால் எத்தனை வருடக் கட்டுப்பாடு, நடுவில் விலகினால் எதைத் திருப்பிக் கட்ட வேண்டும், இந்த மூன்றையும் எழுத்தில் வாங்கிப் படியுங்கள்.

பெரும்பாலான அதிகாரிகள் 50 வயதுக்குள் சீருடையைக் கழற்றிவிடுவார்கள். அந்த வயதில் பிள்ளைகள் கல்லூரியில் இருப்பார்கள், வீட்டுக் கடன் இருக்கும். ஆனால் சேம நிதியின் வாழ்நாள் மாதத்தொகை 65 வயதிலிருந்துதான் தொடங்கும். நடுவில் உள்ள அந்த 15 வருடத்தை சேவர் பணமும் இரண்டாவது வேலையும் சேர்ந்துதான் தாங்க வேண்டும். அதனால் படையில் இருக்கும்போதே பட்டமோ, வெளியே செல்லுபடியாகும் தொழில் சான்றிதழோ வாங்கிக்கொள்வது அவசியம். விமானப் பராமரிப்பு, கணினிப் பாதுகாப்பு, தளவாடப் போக்குவரத்து போன்ற பிரிவுகளில் இருந்தவர்களுக்கு வெளியே வேலை தேடுவது சுலபம்.

சேவையின்போது உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால் முழுநேரச் சேவையாளர், போர்க்காலப் படைவீரர் (படி 8), நிரந்தர வீரர் எல்லோருக்கும் இழப்பீடு உண்டு. ராணுவப் பென்ஷன் விதிகளின் கீழ்தான் அது கணக்கிடப்படும். குழுக் காப்பீடும் உண்டு, அடிப்படைப் பாதுகாப்புக்கான சந்தாவை அரசே கட்டுகிறது. காயம் பட்டால் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் முகாம் மருத்துவப் பதிவில் ஏற்றச் சொல்லுங்கள். ஐந்து வருடம் கழித்து முதுகுவலி வந்து கோரிக்கை வைக்கும்போது அந்த ஒரு வரிப் பதிவுதான் ஆதாரம்.

படி 8: ஓஆர்டிக்குப் பிறகும் முடியவில்லை

இரண்டு வருட முழுநேரச் சேவை முடியும் நாளான ஓஆர்டியோடு வேலை முடிந்தது என்று நினைக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். இல்லை. அடுத்து போர்க்காலப் படைவீரர், பேச்சு வழக்கில் ரிசர்விஸ்ட். பத்து வருடச் சுழற்சி, வருடத்துக்கு அதிகபட்சம் 40 நாள் வரை கூப்பிடலாம். அதிகாரிகளுக்கு 50 வயது வரை, மற்றவர்களுக்கு 40 வயது வரை கடமை நீடிக்கும். திடீர் அழைப்பும் வரலாம், தொலைக்காட்சியிலும் வானொலியிலும் குறியீட்டுச் சொல் ஒளிபரப்பி ஆட்களை வரச்சொல்லும் பயிற்சி அது.

பயிற்சி நாட்களுக்கு வருமானம் போகாது. வேலையில் இருப்பவருக்கு அவர் சம்பளத்துக்கு ஈடான தொகை கிடைக்கும், முதலாளி கொடுத்துவிட்டு அரசிடம் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். சுயதொழில் செய்பவருக்கும் அவர் வருமானத்தை வைத்துத் தொகை உண்டு. வேலை இல்லாதவருக்கும் குறைந்த வருமானம் உள்ளவருக்கும் மாதம் 1,600 வெள்ளி என்ற அடிப்படை உண்டு. விடுப்பு தர மறுப்பதோ, இதைக் காரணம் காட்டி வேலையை விட்டு அனுப்புவதோ முதலாளிக்குச் சட்டப்படி முடியாது. சின்னக் கடை, சின்ன நிறுவனம் நடத்தும் நம்மவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஆண்டு உடற்தகுதித் தேர்வில் 61 புள்ளி எடுத்தால் 200, வெள்ளித் தரத்துக்கு 300, தங்கத் தரத்துக்கு 500 வெள்ளி ஊக்கத்தொகை. பிறந்தநாளிலிருந்து அடுத்த பிறந்தநாளுக்குள் முடிக்க வேண்டும். தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டுக் கெடுவைத் தவறவிட்டால் விசாரணை, அபராதம் என்று போகும். வரிக் கழிவும் உண்டு: அந்த ஆண்டு பயிற்சி செய்திருந்தால் 3,000 வெள்ளி, செய்யாவிட்டால் 1,500, முக்கியப் பொறுப்பில் இருப்பவருக்கு இன்னும் கூடுதல். மனைவிக்கும் 750.

முதல் தலைமுறை பிஆர் அப்பாக்களுக்கும், அம்மாக்களுக்கும், அக்கா தங்கைகளுக்கும் கடமை எதுவும் இல்லை. ஆனால் பையன் என்ன செய்கிறான் என்று தாங்களும் அறிய நினைப்பவர்களுக்காக 18 முதல் 45 வயது வரை உள்ளவர்கள் சேரும் தொண்டூழியர் படை ஒன்று இருக்கிறது, விண்ணப்பித்துப் பார்க்கலாம்.

கடைசியாக ஒரு காகித வேலை. ஹோம் விருதின் ஒரு பங்கு சேம நிதிக்குள் போகிறது என்று சொன்னேன் அல்லவா, அந்தப் பணம் உயிலில் எழுதினாலும் அதன்படி போகாது, சேம நிதிக் கழகத்தில் தனியாக நியமனம் செய்ய வேண்டும். 16 வயதிலிருந்தே செய்யலாம், இணையத்தில் இரண்டு சாட்சிகளை வைத்து முடித்துவிடலாம். அவனுக்குக் கல்யாணம் ஆனால் அந்த நியமனம் தானாக ரத்தாகிவிடும், அப்போது மறக்காமல் புதிதாகச் செய்யச் சொல்லுங்கள்.